பட்டியலின் முதல் வரி

அடைமழைக் காலம். மலைமேல் நோயாளிகளைப் பராமரித்த அந்த மடத்துக்குச் சூரிய மின்சாரம் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது. அவர்களுக்காக வீணை இசையை ஒலிக்கவிடும் உள்ளங்கை அளவுக் கணினியோ அடுப்பாகச் சுட்டது. இசை விக்கி விக்கி வந்தது.

கணினியைக் கவனித்துக்கொண்டவர் சிங்காரவேலு. சீடராகி இன்னும் வருடம் திரும்பவில்லை. குருவான உமையாள் அம்மையைவிட வயதில் மூத்தவர். உள்ளறையில் சிங்காரவேலுவின் அண்ணன் கடைசி நாட்களில் கிடந்தார். வீணை தடைப்பட்டால் அண்ணனுக்கு மூச்சு இரைக்கும்.

"தாயே, பாட்டைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். அப்படியும் பிராசஸர் ஓட்டமாய் ஓடுகிறது. பொழுது சாய்வதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும்."

"ஓடுகிறது என்று எப்படித் தெரியும்?"

சிங்காரவேலு திரையைக் காட்டினார். எந்த நிரல் பிராசஸரின் உழைப்பில் எவ்வளவு இழுக்கிறது என்ற பட்டியல், கண் இமைப்பதற்குள் பலமுறை மாறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வண்ணக் கோடுகள் ஏறி இறங்கின.

"பாட்டுக்கு எவ்வளவு?"

"நூற்றுக்கு நான்கு."

"முதல் வரியில் இருப்பது?"

"எழுபத்தொன்பது. அது ஒன்றுமில்லை தாயே, இந்தப் பட்டியலைக் காட்டுகிற நிரல்தான். நம் காவல். இடைவிடாமல் பார்க்கும்படி நான்தான் வைத்தேன். அதையுமா கணக்கில் சேர்ப்பது?"

அம்மை சிரித்தார். "கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைவிடக் காவல்காரர் நன்றாகச் சாப்பிடுகிறார், ஐயா."

சிங்காரவேலுவுக்கு முகம் சுண்டியது.

"மூடுங்கள்."

"மூடிவிட்டால் எவ்வளவு ஓடுகிறது என்று..."

"மூடுங்கள், ஐயா."

மூடினார். திரை இருண்டது.

விக்கல் நின்றது. வீணை அறுபடாமல் வளைந்து ஏறியது. கூடம் முழுவதும் நிறைந்தது. அவர் கணினியின் மேல் கை வைத்தார். சூடு மெல்ல மெல்ல இறங்கி, அவர் உள்ளங்கைச் சூட்டுக்கே வந்துவிட்டது. இத்தனை பெரிய இசைக்கு இத்தனை சிறிய உழைப்பா? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தம்மை அறியாமல் கைகூப்பினார்.

உள்ளறையில் இரைப்பு தணிந்தது.

அப்படியும் அங்கிருந்து எழ அவருக்கு மனம் வரவில்லை. "மறுபடி விக்கினால், தாயே? யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாமா?"

"மழை தொடங்கியதிலிருந்து இதன் எதிரிலேயே இருந்தீர்கள்" என்றார் அம்மை. "உங்கள் அண்ணனை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?"