ஜெயித்த ஷூ

“என் பழைய உடம்பு எப்பத் திரும்பி வரும்?”

பெல்சியா இதை ஐஸ் மேல் உட்கார்ந்தபடியே கேட்டாள். விழுந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கோச் ஷமீமா பக்கத்தில் வந்து நின்றாள். கை கொடுத்துத் தூக்கவில்லை.

ஷமீமாவுக்கு வயது இருபத்து மூன்று. பெல்சியாவுக்கு முப்பது. ஷாப்பிங் மாலின் நான்காம் மாடியில், இதே ஐஸ் ஸ்கேட்டிங் தளத்தில், ஒரு காலத்தில் ஷமீமாவுக்கு லேஸ் கட்டிவிட்டவள் பெல்சியா. இன்றைக்கு ஷமீமாதான் கோச். ஆனாலும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள்.

போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. பெல்சியா கடைசியாக ஜெயித்தது குழந்தை பிறப்பதற்கு முன்னால். இந்தத் தடவை இறங்காவிட்டால் இனி இறங்கவே போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டதாகச் சொன்னாள். காலையில் ஐந்நூறு ஸ்கிப்பிங். ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுந்திருப்பது ஐம்பது. சோறு பாதி, முட்டை இரண்டு. பிள்ளை பெற்ற இடுப்புக்கு இதெல்லாம் ஆகாது என்று மாமியார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியும் குதித்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, வலது காலில் இறங்கும்போது கால் நழுவிவிடுகிறது. தினமும்.

“வெளிய வாங்கக்கா. ஷூவைக் கழட்டுங்க.”

கழற்றினாள்.

கறுப்பு ரப்பர் விரிப்பின் மேல் வெறுங்காலோடு குதிக்கச் சொன்னாள் ஷமீமா. பெல்சியா குதித்தாள். சுற்றினாள். வலது காலில் இறங்கி அப்படியே நின்றாள்.

இன்னொரு முறை குதிக்கச் சொன்னாள். நின்றாள். மூன்றாவது முறையும் நின்றாள்.

“உடம்பு திரும்பி வந்து ரொம்ப நாளாச்சு போலிருக்கே,” என்றாள் ஷமீமா.

“ரப்பர்ல குதிச்சா யார் மார்க் போடுவா?”

ஷமீமா அவள் பாதத்தைப் பார்த்தாள். சுண்டு விரல் நகம் கறுத்திருந்தது. கணுக்காலைச் சுற்றி வரிவரியாகக் கட்டுத் தடம்.

என்ன இது என்று கேட்டாள். மாசமாக இருக்கும்போது வந்த வீக்கம் என்றாள் பெல்சியா. உப்பைக் குறைத்திருக்கிறாளாம். ஐஸ் தண்ணீரில் காலை வைக்கிறாளாம். தூங்கும்போது கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொள்கிறாளாம். சீக்கிரம் வடிந்துவிடுமாம்.

“பாப்பாவுக்கு எத்தனை மாசம்?”

“பதினொண்ணு.”

“வீக்கம்னா இதுக்குள்ள வடிஞ்சிருக்கும்க்கா,” என்றாள் ஷமீமா. ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, பெல்சியாவின் வலது பாதத்தை விரிப்பில் அழுத்திப் பிடித்து, குதிகாலில் தொடங்கி விரல் நுனிகளைச் சுற்றிக் கோடு போட்டாள்.

பாதத்தை எடுக்கச் சொன்னாள். கோட்டுக்கு நடுவே ஷூவை வைத்தாள்.

ஷூவைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளைக் கோடு தெரிந்தது.

பெல்சியா வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது ஜெயிச்ச ஷூ.”

“ஜெயிச்ச காலுக்கு அது சரி.”

புது ஷூ வளைந்து கொடுக்கவே ஒரு மாதம் ஆகும், கொப்புளம் போடும், போட்டியே முடிந்துவிடும் என்றாள் பெல்சியா. ஷமீமா மறுக்கவில்லை. போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடலாமா என்று மட்டும் கேட்டாள்.

“எடுக்காதே.”

அடுத்த வாரம் புது ஷூ வந்தது. ஒரு நம்பர் பெரிது. மரக்கட்டை மாதிரி விறைப்பு. அதைப் போட்டுக்கொண்டு கணுக்காலை மடக்கக்கூட முடியவில்லை. குதிக்கட்டுமா என்று கேட்டாள் பெல்சியா. ஷமீமா தளத்தின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே புதிதாகச் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தார்கள்.

“எவ்வளவு நாள்?”

“ஷூ சொல்லும்.”

பெல்சியா போய் வரிசையின் கடைசியில் நின்றாள். பெஞ்சில் இருந்த அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் கம்பியைப் பிடித்தாள். முழங்காலை வளைத்தாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி.

முன்னால் போன சிறுமி ஒருத்தி திரும்பி, அவளை மேலிருந்து கீழாக அளந்தாள்.

“ஆன்ட்டி, நீங்களும் இன்னிக்குத்தான் சேர்ந்தீங்களா?”

“ஆமாம்மா,” என்றாள் பெல்சியா. “சீக்கிரம் நட. எனக்கு அஞ்சு வாரத்துல போட்டி.”