பல்லி விழுங்கிய சொற்கள்

“தோசை இல்லை” என்று பல்லி குறுக்கிட்டது. “தட்டையான கூழாங்கல் என்று சொல்ல வேண்டும்.”

அணில் பேச்சை நிறுத்தியது. அதன் முன்கைகள் இரண்டும் ஒரு கல்லை மார்போடு சேர்த்து மூடியிருந்தன.

“தோசைன்னா எல்லாருக்கும் புரியுதே, பல்லியக்கா.”

“புரிவது வேறு. சரியாக இருப்பது வேறு.”

“சரி. தட்டையான... என்னது?”

“கூழாங்கல்.”

“ஆங். முதல்லேருந்து வர்றேன். நேத்து வாய்க்காலோரமா ஒரு தட்டையான...”

“நேற்று.”

சுவரடியில் உட்கார்ந்திருந்த தவளை கண்ணை மூடிக்கொண்டது. படிக்கல்லில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பூவாத்தாள் சாம்பல் கையோடு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். அணில் மூன்றாவது முறையாக முதலிலிருந்து தொடங்கியது.

மனிதரும் மற்ற உயிர்களும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஏரிக்கரை மதகுச் சுவரில் பொழுது சாயும்போது கூடுகிறவர்களுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கல் பொறுக்குவது. வயிற்றுக்கு உதவாத, கூடு கட்டவும் உதவாத, வெறுமனே பார்க்க நன்றாக இருக்கிற கற்கள். பூவாத்தாள்கூட, கல்யாணமாகி ஒரு வீட்டுக்காரியான பிறகும், அஞ்சாங்கல் ஆடுவதற்குத் தோதான கல் தேடித்தான் முதலில் அங்கே வந்து உட்கார்ந்தாள். அப்புறம் பாத்திரம் துலக்குவதையே அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கல்லைக் கொண்டுவந்தவர் எடுத்த எடுப்பில் அதைக் காட்டிவிடக் கூடாது. மூடி வைத்துக்கொண்டு, எங்கே கண்டது, எப்படி எடுத்தது என்பதை முழுக்கச் சொல்ல வேண்டும். நடுவில் பேச்சு அறுந்துபோனால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் கல்லைத் திருப்பிக் காட்டலாம். கேட்டவர்கள் தரையில் தட்டுவார்கள். கேட்டோம் என்று அர்த்தம். கல் நன்றாக இருக்கிறது, இல்லை என்பதெல்லாம் அதில் கிடையாது. கேட்டோம், அவ்வளவுதான். அந்த ஒரு தட்டலுக்காகத் தவளை ஏரியின் மறுகோடியிலிருந்து கன்னத்தில் கல்லை அடக்கிக்கொண்டு வரும். கல்லை வெளியே எடுக்காமலே கதையும் சொல்லும். பாதிப் பேச்சு எச்சிலாகத் தெறிக்கும். பல்லி அந்த உச்சரிப்பையும் திருத்தும்.

கூட்டம் வளர வளர அவர்களுக்குள் புதுப் பேச்சும் வளர்ந்தது. கோடு போட்ட கல் வளையல்காரி ஆயிற்று. ஒன்றுமில்லாத கல் மொட்டை. வெள்ளைப் பூச்சு படிந்தது திருநீறு. ‘எனக்கு ஒரு திருநீறு மாட்டுச்சு’ என்று தவளை சொன்னால் அணில் வாலைத் தூக்கிக்கொண்டு குதிக்கும். பல்லிக்கு மட்டும் உடம்பு கூசும்.

அந்தச் சுவரில் முதலில் இருந்தது பல்லிதான். ஆனால் அது ஒரு கல்லைக்கூடக் கொண்டுவந்ததில்லை. வாய் சிறியது. கால்கள் சுவரைப் பிடிக்கவே சரியாக இருந்தன. மற்றவர்கள் கல்லோடு வந்தபோது பல்லி சொற்களோடு வந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் யோசித்து யோசித்துப் பெயர் வைத்தது. இருநிறக் கூழாங்கல், வரியோடிய கல், சுண்ணம் படிந்த கல். யாராவது ‘தோசை’ என்று சொன்னால், தான் கொண்டுவந்ததை எடுத்து ஏரிக்குள் வீசிவிட்டதுபோல் அதற்கு இருந்தது. அதை அது யாரிடமும் சொன்னதில்லை. திருத்தியது.

இன்னொரு பெயரையும் அது வைத்திருந்தது. அதற்குரிய கல் இன்னும் வரவில்லை. ஏரியின் அடியில் எங்கோ வெயிலை உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிற கல் ஒன்று உண்டு என்று தவளையின் உறவுக்காரர்கள் பேசிக்கொள்வார்களாம். அதைக் கேட்ட அன்றே பல்லி அதற்குப் பெயர் வைத்துவிட்டது. ஒளிபுகு கல். வெயில் காயும் பகல்களில் தனியாக அதைச் சொல்லிப் பார்த்துக்கொள்ளும். அந்தக் கல் வரும் நாளில், கதை முடிந்து கல் திரும்பியதும், முதல் ஆளாக அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் ஏரி வற்றியது. நடு ஏரியிலிருந்து ஒரு நத்தை வந்தது. காலையில் கரை ஏறத் தொடங்கி, பொழுது சாயும் நேரத்துக்குச் சுவருக்கு வந்து சேர்ந்தது. அடிவயிற்றில் எதையோ ஒட்டவைத்துக்கொண்டு வந்திருந்தது.

“நான் புதுசு” என்றது நத்தை. “பேச்சுல தப்பு வந்தா மன்னிச்சுக்கணும்.”

“தப்பென்ன சரியென்ன, சொல்லு கண்ணு” என்றாள் பூவாத்தாள்.

நத்தை கண்களை நீட்டி எல்லாரையும் ஒருமுறை பார்த்தது. “தண்ணி வத்திப்போச்சுங்களா, ஒரு எருமைக் குளம்படி இருந்துச்சு. அதுக்குள்ள அவன் படுத்துக்கெடந்தான்.”

“யார்?” என்றது பல்லி.

“கல்லுங்க.”

“கல் அஃறிணை. ‘அது கிடந்தது’ என்று சொல்ல வேண்டும்.”

“அக்கா, நீங்களும் நானும்கூட அஃறிணைதான்” என்றது அணில். “அப்ப நாளைக்கு உங்களப் பாத்து ‘வந்துச்சு, போச்சு’ன்னு சொல்லட்டுமா?”

தவளை சிரித்ததில் கன்னத்துக் கல் வெளியே வந்து விழப் பார்த்தது. பல்லி சிரிக்கவில்லை. நத்தை முதலிலிருந்து தொடங்கியது.

“தண்ணி வத்திப்போச்சுங்க. எருமைக் குளம்படி. அதுக்குள்ள அவ... அது படுத்துக்கெடந்துச்சு. ஏதோ சேத்துக் கட்டின்னு நெனச்சு மேல ஏறுனேன். ஏறுனா, அடியில வெதுவெதுன்னு இருக்கு. எறங்கிப் பாக்குறேன். வெயிலு போயி உள்ளார உக்காந்துக்கிட்டு...”

பல்லி கழுத்தை நீட்டிப் பார்த்தது. அதுதான். அந்தக் கல்தான். நத்தையின் வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு வால் நீளத் தொலைவில் அது இருக்கிறது.

“‘உள்ளார’ இல்லை” என்றது பல்லியின் வாய். “‘உள்ளே’.”

சொன்ன பிறகுதான் சொன்னது அதற்குத் தெரிந்தது.

பேச்சு அறுந்துவிட்டது. வழக்கப்படி நத்தை மறுபடி தண்ணீர் வற்றியதிலிருந்து வர வேண்டும். நத்தை ஒரு கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு இன்னொன்றை.

“வேணாங்க” என்று ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “இன்னொரு நாளைக்குப் பாக்கலாம்.”

அது திரும்பியது. மற்றவர்களாக இருந்தால் விருட்டென்று போயிருப்பார்கள். நத்தை சுவரை விட்டு இறங்க வெகு நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் அதை எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கல்லும் அதனோடு வயிற்றடியில் மெல்ல மெல்ல இறங்கிப் போயிற்று.

பூவாத்தாள் பாத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். “ஏம் பல்லியம்மிணி, இன்னிக்கு ஒரு நாள் அந்த ‘உள்ளார’வ விட்டிருந்தா ஏரி ஒடைஞ்சிருக்குமா?”

பல்லியிடம் பதில் இருந்தது. நல்ல, பிழையில்லாத பதில். சொல்வதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாள் யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மதகின் மறுபக்கத்திலிருந்து அணிலின் குரல் கேட்டது. “சும்மா சொல்லக் கூடாது, செம தோசை!” பிறகு சிரிப்பு. பிறகு தரையில் தட்டும் சத்தம்.

பல்லி முழுச் சுவரிலும் தனியாக இருந்தது. “இன்று காற்று இதமாக வீசுகிறது” என்றது. எழுவாய், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. தட்ட ஆளில்லை. மறுபக்கத்திலிருந்து மறுபடி தட்டும் சத்தம் வந்தது. ‘செம’ என்பது எந்த ஊர்ச் சொல் என்று பல்லி எரிச்சலோடு யோசித்தது. யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கதையின் தொடக்கம் தனக்குக் கேட்காமல் போய்விட்டதே, அந்தத் தோசையை எங்கே எடுத்திருக்கும் என்றும் நினைத்தது.

சுவரில் நத்தை போன தடம் இன்னும் பளபளத்தது. பல்லி அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது.

ஏரித் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பல்லிக்குத் தரையில் போய்ப் பழக்கமில்லை. மேலே பருந்து வட்டமிடும்போதெல்லாம் வெடிப்புக்குள் இறங்கி இருந்துவிட்டு, பிறகு தடத்தைத் தேடிப் பிடித்தது. எருமைக் குளம்படியில் நத்தை ஓட்டுக்குள் இருந்தது. கல் கண்ணில் படவில்லை.

“வந்து மறுபடி சொல்ல வேண்டும்” என்றது பல்லி.

“திருத்துவீங்க.”

பல்லி பொய் சொல்ல நினைத்தது. வரவில்லை. “ஆமாம். சொல் தானாக வாய்க்கு வந்துவிடுகிறது. பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.”

“எப்படி?”

“தெரியவில்லை.”

நத்தையின் ஒரு கண் வெளியே வந்தது. பல்லியின் உடம்பெல்லாம் புழுதி. வால் நுனியில் ஒரு முள் ஒட்டியிருந்தது.

“தெரியலன்னு சொல்றீங்களே, அது வரைக்கும் சந்தோசம்” என்றது நத்தை. “ஆனா தனியா சொல்ல மாட்டேன். நாலு பேரு தட்டணும்.”

மறுநாள் விடிந்ததும் இருவரும் புறப்பட்டார்கள். பல்லி அவ்வளவு மெதுவாக நடந்தது அந்த ஒரு முறைதான். வழியெல்லாம் நத்தை எதையாவது பேசிக்கொண்டே வந்தது. பல்லி நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துப் பழகிக்கொண்டே வந்தது.

மதகின் மறுபக்கத்தில் அவர்களைக் கண்டதும் அணில், “வாங்க வாங்க. எல்லாரும் வாயப் பொத்திக்கங்க, வாத்தியாரம்மா வந்தாச்சு” என்றது. பல்லி சுவரில் ஓர் ஓரமாக ஏறி ஒட்டிக்கொண்டது. நத்தை நடுவில் வந்து நின்றது.

“தண்ணி வத்திப்போச்சுங்க. எருமைக் குளம்படி. அதுக்குள்ள அவன் படுத்துக்கெடந்தான்.”

பல்லியின் தொண்டையிலிருந்து ‘அது கிடந்தது’ கிளம்பி மேலே வந்தது. பல்லி நாக்கை மேலே அழுத்தியது. சொல் முட்டியது. பல்லி விடவில்லை. சொல் திரும்பி உள்ளே இறங்க, நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிந்த சத்தம் மட்டும் வெளியே வந்தது.

‘ச்சு.’

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நத்தை பேச்சை நிறுத்திவிட்டது.

“இப்ப எதையோ முழுங்குனீங்க” என்றது.

பல்லி வாயைத் திறக்கப் பயந்து தலையை மட்டும் ஆட்டியது.

“ஐயய்யோ, அப்ப பேச்சு அறுந்துபோச்சா?” என்றது அணில். “மறுபடியும் தண்ணி வத்தணுமா?”

தவளை கன்னத்துக் கல்லை வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாற்றியது. அது யோசிக்கும்போது அப்படித்தான் செய்யும். “அது பேச்சில்ல, வெறுஞ்சத்தம்” என்றது கடைசியில். “சத்தத்தால பேச்சு அறுந்ததா ஆகாது. நாங்கூடத்தான் கொறட்டை விடுறேன்.”

“அப்ப அந்தச் சத்தத்துக்கு யாரு பதில் சொல்றது? அந்தம்மா பாட்டுக்கு முழுங்கிக்கிட்டே இருந்தா?”

பூவாத்தாள் சாம்பல் படிந்த விரலால் தரையைத் தட்டினாள். “கேட்டோம் பல்லியம்மிணி, கேட்டோம். நீ மேல சொல்லு கண்ணு.”

நத்தை மேலே சொன்னது. சேற்றுக் கட்டி என்று நினைத்தது, ஏறியது, வெதுவெதுப்பு. ‘உள்ளார’ வந்தபோது பல்லி கண்ணை மூடிக்கொண்டது. ‘ச்சு.’ தவளை தட்டியது. இன்னும் கொஞ்ச தூரத்தில் நத்தை ‘வெளக்காட்டம்’ என்றது. ‘ச்சு, ச்சு.’ இந்த முறை அணிலே தட்டியது, வேண்டுமென்றே பலமாக. நத்தைக்கே கடைசியில் குஷி வந்துவிட்டது. பல்லியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, இல்லாத ‘உள்ளார’ இரண்டைக் கூடுதலாகப் போட்டது. திருத்தம் இருந்தது. எல்லாருக்கும் கேட்டது. ஆனால் கதை எங்கும் நிற்கவில்லை.

கதை முடிந்தது. நத்தை வயிற்றை ஒதுக்கிக் கல்லைப் புரட்டியது.

சாய்ந்த வெயில் கல்லுக்குள் போயிற்று. போனது மறுபக்கம் வரவில்லை. உள்ளேயே தங்கி, பழுப்பும் மஞ்சளுமாக மெல்லக் கனிந்தது. அணில் வாயைத் திறந்தபடி இருந்தது. பூவாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“இவனுக்கு நான் வெல்லக்கட்டின்னு பேரு வச்சிருக்கேன்” என்றது நத்தை.

பல்லி கல்லைப் பார்த்தது. எத்தனையோ பகல்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய பெயர் தானாக எழுந்து நாக்கின் நுனி வரை வந்து நின்றது. கல்லின் நடுவில் வெயில் பாகுபோல் தேங்கியிருந்தது. நல்ல பாகுக்கு அந்த நிறம்தான். பல்லி நாக்கை மேலே அழுத்தியது.

‘ச்சு.’

பிறகு முன்காலைத் தூக்கிச் சுவரைத் தட்டியது. அது தட்டி யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிறைந்து மதகுச் சுவர் முழுகும் நிலைக்கு வந்தபோது, பூவாத்தாள் பாத்திரக் கூடையைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்தாள். பல்லி அதில் ஏறிக்கொண்டது. அதுவரை பல்லிகள் வீட்டுக்குள் வந்ததில்லை. மற்றவர்களின் பேச்சு மனிதருக்குப் புரியாமல் போன காலம் பின்னால் வந்தபோது, பல்லிக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. அது எப்போதோ சத்தத்துக்கு மாறியிருந்தது, அதில் நிறைவாகவும் இருந்தது. வீட்டில் நாம் ஏதாவது பேசிக்கொண்டிருக்கையில் சுவரிலிருந்து பல்லி உச்சுக்கொட்டுவதும், நாம் கைவிரலால் தரையைத் தட்டுவதும் அந்த மழைக்காலத்தில் தொடங்கியவை. பலன் பார்ப்பதெல்லாம் பிற்பாடு வந்தது.

பல்லி வீட்டுக்கு வந்த அன்று மாலை பூவாத்தாளின் புருஷன் மாரப்பன் சாப்பிட உட்கார்ந்தான். வெளியே மழை விடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சந்தைக் கதையை ஆரம்பித்தான்.

“அந்த வெள்ளாடு இருக்கானே, அவன் கயித்த அத்துக்கிட்டு நேரா வாழக்கடைக்கு உள்ளார பூந்துட்டான்...”

சுவரில் ‘ச்சு, ச்சு’ என்றது.

பூவாத்தாள் இடக்கை விரலால் தரையைத் தட்டிவிட்டு, அவனுக்கு ரசம் ஊற்றினாள்.