பதினான்காம் எண் வீட்டின் விலை

வீட்டு விலை ஏறியதா இறங்கியதா என்று ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதைச் சரியாகச் சொல்வதற்கென்றே அரசாங்கம் புள்ளிவிவரத் துறையில் ஓர் அறையை ஒதுக்கி, அதில் நான்கு மேசைகளையும் மங்களேஸ்வரியையும் போட்டிருந்தது.

மங்களேஸ்வரிக்கு வயது நாற்பத்தொன்று. கேள்வி கேட்டால் அவரிடமிருந்து லேசில் பதில் வராது. வேறு எதையாவது பேசுவார், அல்லது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவார். பக்கத்துப் பிரிவுக்காரர்கள் கேலியாக ‘சாமியாரம்மா’ என்பார்கள்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் தேவசகாயம். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் பயிர்ப் பிரிவில் நெல்லையும் கரும்பையும் எண்ணியவர். ஓய்வு பெற இரண்டே வருஷம் இருக்கும்போது எவராவது மாறுதல் கேட்பாரா? இவர் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வந்த அன்றே கேட்டார்.

“மேடம், ஒரு தெருவுல போன வருஷம் நாலு ஓட்டு வீடு வித்துச்சு. இந்த வருஷம் நாலு மாடி வீடு வித்துச்சு. சராசரி மூணு மடங்கு ஆயிருச்சு. விலை ஏறிருச்சுன்னு எழுதலாமா?”

“நேத்து பத்து ரூபாய்க்கு ஒரு கொய்யா வாங்கினேன் சார். இன்னைக்கு அறுபது ரூபாய்க்கு ஒரு மாதுளை வாங்கினேன். பழம் விலை ஏறிருச்சா?”

“அது வேற பழம், இது வேற பழம் மேடம்.”

“அப்புறம் என்ன? ஒரே வீடு ரெண்டு தடவை வித்திருக்கான்னு தேடுங்க.”

அதுதான் அந்த அறையின் வேலை. இரண்டு முறை விற்ற வீடாகப் பார்த்து எடுக்க வேண்டும். நடுவில் ஓர் அறை கூடியிருந்தாலும் அந்த வீட்டைத் தள்ளிவிட வேண்டும். பத்திரத்தில் இருக்கும் தொகையை அப்படியே நம்பினால் நாட்டில் வீடெல்லாம் சும்மா கிடைக்கிறது என்று ஆகிவிடும். அதனால் விற்றவரையும் வாங்கியவரையும் நேரில் பார்த்து, கையில் மாறிய தொகை எவ்வளவு என்று நயமாகக் கேட்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் விற்றதா, நெருக்கடியில் விற்றதா என்றும் விசாரிக்க வேண்டும். அப்படி விற்றிருந்தால் அது விலையில் சேராது.

தேவசகாயம் நன்றாகவே கற்றுக்கொண்டார். மூன்றாம் மாதம் அவர் மேசைக்கு ஒரு தாள் வந்தது. மீனாம்பாள் நகர், மூன்றாவது தெரு, பதினான்காம் எண். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பதினொரு லட்சம். இந்த மாதம் நாற்பத்தாறு லட்சம்.

தாளை அவர் இரண்டு முறை படித்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டை விற்றவர் அவர்தான்.

அவருடைய மகள் பிரிசில்லா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது விற்றார். பதினெட்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் மனைவி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: “ஒரு வாரம் பொறுத்து வித்திருக்கலாமேங்க.” அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

தாளில் ஒரு கட்டம் இருந்தது. விருப்ப விற்பனையா, நெருக்கடி விற்பனையா? விருப்ப விற்பனை என்றால் பதினொரு லட்சம்தான் அன்றைய நிலவரம். எத்தனை வாரம் பொறுத்தாலும் அதற்கு மேல் வந்திருக்காது. அவர் மீது தப்பில்லை.

தேவசகாயம் பேனாவை எடுத்து ‘விருப்ப விற்பனை’ என்பதில் டிக் போட்டார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் தெரிந்தே போட்ட முதல் பொய் டிக் அது.

பொய் நிற்கவில்லை. அந்த ஒரு தாளால் மீனாம்பாள் நகரின் விலைக் குறியீட்டு எண் மட்டும் கன்னாபின்னாவென்று எகிறிவிட்டது. மங்களேஸ்வரி கட்டைப் பிரித்துத் தாளைக் கண்டுபிடித்தார். விற்றவர் பெயரைப் படித்தார். தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார்.

“வித்தவரை விசாரிச்சீங்களா சார்?”

“இல்ல மேடம்.”

“நாளைக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். ஒரு சுடுசொல் இல்லை.

மறுநாள் தேவசகாயம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தன் நாற்காலிக்குப் போகாமல், வெளியாட்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். மங்களேஸ்வரி புதுப் படிவம் ஒன்றை எடுத்தார்.

“உங்க பேரு?”

“தெரியாதா மேடம்?”

“படிவத்துக்குத் தெரியாது சார்.”

சொன்னார். எழுதிக்கொண்டார்.

“வீட்டை விக்கப் போறதா எத்தனை பேர்கிட்ட சொன்னீங்க?”

“ஒரே ஒரு புரோக்கர்கிட்ட.”

“எத்தனை பேர் வந்து பாத்தாங்க?”

“ஒருத்தர். மாடிக்குக்கூட ஏறிப் பாக்கல.”

“விலை எத்தனை நாள் பேசினீங்க?”

“பேசவே இல்ல மேடம். அவர் ஒரு தொகை சொன்னார். நான் சரின்னேன்.”

“ஏன் வித்தீங்க?”

தேவசகாயம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தக் கேள்வியை அவரே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். கேட்பது இவ்வளவு கொடுமை என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

“மகளுக்கு ஈரல்ல கோளாறு. மறுநாள் காலையில பத்து லட்சம் கட்டினாத்தான் ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க.” ஜன்னலைப் பார்த்தபடியே சேர்த்துக்கொண்டார். “பிரிசில்லா. பத்தொம்பது வயசு.”

படிவத்தில் பெயருக்கும் வயதுக்கும் இடம் இல்லை. மங்களேஸ்வரி ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு ‘நெருக்கடி விற்பனை’ என்பதில் டிக் போட்டுத் தாளை அவர் பக்கம் திருப்பினார்.

“கையெழுத்துப் போடுங்க சார்.”

“போட்டா என்ன ஆகும்?”

“இந்த வீட்டை எடுத்துருவோம். இது விலையில சேராது.”

“அப்ப நான் வாங்கின பதினொரு லட்சம் விலையே இல்லையா?”

“இல்ல சார்.”

“அப்ப அன்னைக்கு விலை எவ்வளவு? அதைச் சொல்லுங்க. பக்கத்துல பதினாறாம் நம்பர் அதே மாசம் இருபத்தேழுக்குப் போச்சு.”

“அது பதினாறாம் நம்பர்.”

“அதே அளவு மனை மேடம். அதே கொத்தனார் கட்டினது.”

“இருந்தாலும் அது பதினாறாம் நம்பர் சார்.”

தேவசகாயம் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஒரு வாரம் பொறுத்து வித்து, அந்தக் காசோட அவளைச் சென்னைக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா, என் பிள்ளை இன்னைக்கு இருந்திருப்பா. ஒம்பது வருஷமா அந்த வாரத்து விலையை எழுதி எழுதிப் பாக்கிறேன். ஒருக்கா இருபத்தேழு வருது, ஒருக்கா இருபத்திரண்டு வருது. அது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் மேடம் இந்தப் பிரிவுக்கே வந்தேன். உங்ககிட்ட எல்லா வீட்டுக்கும் விலை இருக்கே. அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் சொல்லுங்க.”

மங்களேஸ்வரிக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை. எழுந்து வந்து, பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அவரும் உட்காரும்வரை காத்திருந்தார்.

“அந்த வாரம் நீங்க அந்த வீட்டை விக்கல சார். விக்காத வீட்டுக்கு விலை கிடையாது. நான் எழுத மாட்டேன். நீங்களும் இனிமே எழுதாதீங்க.”