குளக்கரையைப் பந்தயம் வைத்த காட்டுப்பன்றி

காட்டுப்பன்றியும் மயிலும் கீரியும் ஆமையும் சேர்ந்து ஒரு கழகம் நடத்தி வந்தன. குளக்கரைக் குழிப்பந்துக் கழகம் என்று அதற்குப் பெயர். மனிதர்கள் கோல்ஃப் என்று ஆடுவதைத்தான் அவை குழிப்பந்து என்றன. பந்துக்குக் கழற்சிக்காய். கோலுக்குப் புளியங்கொம்பு. புல்வெளியில் ஆங்காங்கே தோண்டிய குழிகள். தூரத்திலிருந்து பந்தை அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் குழிக்குள் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் போட்டவர் வென்றவர்.

கழகத்தில் இருந்த எல்லோருக்கும் பதவி உண்டு. சூரப்பன் என்ற காட்டுப்பன்றி தலைவர். மயில் துணைத் தலைவர். கீரி செயலாளர். ஆமை பொருளாளர். உறுப்பினராக மட்டும் இருப்பதற்கு யாரும் சம்மதிக்கவில்லை.

சூரப்பனுக்கு உடம்பில் நல்ல பலம். அது ஓங்கி அடித்தால் பந்து குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கும். ஆனால் குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கை நடுங்கும். ஒரு சாண் தூரத்தில் கிடக்கும் பந்து கூட குழியைத் தாண்டி ஓடும். திரும்பத் தட்டினால் இந்தப் பக்கம் ஓடும்.

ஒரு நாள் இப்படித் தட்டித் தட்டிச் சூரப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. கோலை ஓங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தது. பக்கத்தில் நின்றது கீரிதான்.

"விடுங்க தலைவரே!" என்றது கீரி அவசரமாக. "இவ்வளவு பக்கத்துல வந்த பந்தை யாராவது தட்டுவாங்களா? அது விழுந்தாச்சு!"

"விழுந்தாச்சா?"

"எப்பவோ விழுந்தாச்சு!"

சூரப்பன் கோலைக் கீழே இறக்கியது. அன்றிலிருந்து அது கழகத்தின் வழக்கமாகிவிட்டது. குழிக்குப் பக்கத்தில் பந்து வந்தால் போதும், மற்றவர்கள் "விழுந்தாச்சு!" என்பார்கள். ஆடியவர் பந்தை எடுத்துக்கொண்டு நடப்பார். முதலில் ஒரு சாண் தூரத்துக்குத்தான் இந்தச் சலுகை. பிறகு ஒரு முழமானது. மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடியது. தலைவருக்கு எப்போதுமே தனி அளவு.

குழிகளுக்குள் பந்து விழுவதே நின்றுபோனது. ஒரு குழியில் தவளை ஒன்று குடும்பம் நடத்தியது. அதன் குஞ்சுகள் பந்து என்ற பொருளைப் பார்த்ததே இல்லை.

ஆனாலும் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடந்தது. ஆண்டுதோறும் சூரப்பன்தான் முதல் பரிசு பெற்றது. மற்றவர்களுக்குச் சிறப்புப் பரிசு.

அந்தப் புல்வெளி கழகத்துக்குச் சொந்தமானது அல்ல. அது காட்டுக்கே பொது. தாகம் எல்லோருக்கும் உண்டு என்பதால், குளக்கரையில் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்தது. புலியும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டது.

செவ்வந்தி என்ற புள்ளிமான் அந்த விதியை நம்பித்தான் குளக்கரையில் குட்டி ஈன்றிருந்தது. குட்டிக்கு இன்னும் கால் நிலைக்கவில்லை. நாலடி ஓடினால் ஐந்தாவது அடியில் விழும். அந்தப் புல்வெளியை விட்டு வெளியே போனால் அது ஒரு வேளைகூட உயிர் பிழைக்காது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் செவ்வந்திக்குத் தொல்லை.

"ஏம்மா, ஆட்டம் நடக்குது! குட்டியைத் தூக்கிட்டு ஓரமா போ!" என்று மயில் விரட்டும்.

"பொது இடந்தானே அண்ணே?"

"பொது இடம்தான். அதுக்காக நடுவுல நிக்கலாமா?"

செவ்வந்தி குட்டியை முகத்தால் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போகும்.

குளத்துக்கு மேலே, மேட்டில், செந்நாய்களின் தனிப் புல்வெளி இருந்தது. சுற்றிலும் முள்வேலி. அவையும் குழிப்பந்து ஆடின. அங்கே சத்தம் கிடையாது, பரிசளிப்பு விழா கிடையாது. பந்து குழியின் அடியில் 'டொக்' என்று விழும்வரை யாரும் கோலை வைக்க மாட்டார்கள்.

செந்நாய்களுக்குக் குளக்கரை மீது நெடுநாள் ஆசை. பாய்ந்து பிடித்துக்கொள்ளப் பலம் இருந்தது. ஆனால் காடு முழுவதும் எதிர்த்து நிற்குமே என்ற தயக்கமும் இருந்தது. அவற்றுக்கு ஒரு சாக்கு வேண்டும். இதுவரை யாரும் அந்தச் சாக்கைக் கொடுக்கவில்லை.

ஒரு மாலையில் செந்நாய்த் தலைவன் இறங்கி வந்தது. கழகத்தார் கூடியிருந்த நாவல் மரத்தடியில் வந்து வணக்கம் சொன்னது.

"தங்கள் புகழ் மேடுவரை கேட்கிறது, தலைவரே! ஆண்டுதோறும் தாங்களே வெல்கிறீர்களாமே?"

"ஏதோ, எல்லாரும் சொல்றாங்க!" என்று சூரப்பன் நெளிந்தது.

"எங்களோடு ஒரு ஆட்டம் ஆடலாமே? ஒரே ஒரு குழி போதும். தாங்களும் நானும்."

"ஆடலாம்!"

"வெறுமனே ஆடினால் சுவை இருக்காது. நாங்கள் தோற்றால் மேட்டுப் புல்வெளி உங்களுக்கு. நீங்கள் தோற்றால் குளக்கரை எங்களுக்கு. சம்மதமா?"

கீரி தலைவரின் காதருகே வந்தது. "தலைவரே, குளக்கரை நம்முது இல்லையே!" என்று கிசுகிசுத்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில அங்க யாரு இருக்கா?" என்றது சூரப்பன்.

"நாமதான்!"

"அப்ப யாருது?"

கீரி தன் இடத்துக்குத் திரும்பியது. மயிலுக்கு அப்போதே மேட்டுப் புல்வெளியில் தோகை விரித்து நடப்பதுபோல ஒரு காட்சி தெரிந்தது. ஆமை ஏதோ சொல்ல வந்தது. சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள்.

"சம்மதம்!" என்றது சூரப்பன், மரத்திலிருந்த குரங்குகளுக்கும் கேட்கும்படியாக.

செய்தி காடெங்கும் பரவியது. செவ்வந்தி ஓடி வந்தது.

"அண்ணே, என்ன காரியம் பண்ணிட்டீங்க! கரை அவங்க கைக்குப் போனா வேட்டை விதி போயிடும். என் குட்டி எங்கே போகும்?"

"ஏம்மா அழறே? நான் தோத்து என்னைக்காவது பார்த்திருக்கியா?"

"நீங்க ஜெயிச்சதையும் நான் பார்த்ததில்லையே! ஒரே ஒரு தடவை, என் கண்ணு முன்னால, பந்தைக் குழிக்குள்ள போட்டுக் காட்டுங்க. நான் நிம்மதியா போறேன்."

சூரப்பன் முறைத்தது. பந்தைக் குழிக்கு ஒரு முழம் தள்ளி வைத்தது. கோலை எடுத்தது. மெல்லக் குனிந்தது.

"விழுந்தாச்சு!" என்று கீரி கத்தியது.

"அருமை!" என்றது மயில்.

சூரப்பன் பந்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தது. "பார்த்தியா?"

"விழலியே அண்ணே! அங்கேயேதானே கிடந்துச்சு!"

"உனக்கு ஆட்டத்தோட விதி தெரியாது! புல்லு திங்கிறவளுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்?"

கழகத்தார் சிரித்தார்கள். புல் தின்னும் ஆமையும் சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை காடே குளக்கரையில் கூடியது. முதல் அடி சூரப்பனுக்கு. ஓங்கி ஒரு அடி! பந்து குளத்தைத் தாண்டி, கொன்றை மரத்தைத் தாண்டி, குழி இருந்த மண்திட்டின் அடியில் போய் விழுந்தது. குரங்குகள் கூச்சலிட்டன. செவ்வந்திக்கே ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

செந்நாய்த் தலைவன் அடித்த பந்து பாதி தூரம்கூடப் போகவில்லை. புதருக்குள் புகுந்தது. அங்கிருந்து அடித்த பந்து சேற்றில் விழுந்தது. செந்நாய் முகம் சுளிக்கவில்லை. சேற்றுக்குள் இறங்கி நின்று அடுத்த அடிக்குப் பார்வையால் தூரம் அளந்தது.

அதற்குள் சூரப்பன் மண்திட்டின் மேல் ஏறிவிட்டது. இன்னொரு அடியில் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"விழுந்தாச்சு! விழுந்தாச்சு!" என்று கழகம் குதித்தது. மயில் தோகையை விரித்தது. சூரப்பன் வழக்கம்போலப் பந்தை எடுத்துக்கொண்டு, வணக்கம் சொல்லிக்கொண்டே நடக்கத் தொடங்கியது.

"எங்கே போகிறீர்கள்?" என்றது செந்நாய், சேற்றிலிருந்து.

"ஆட்டம் முடிஞ்சுதே!"

"பந்து குழிக்குள் இல்லையே?"

"இவ்வளவு பக்கத்துல வந்தா விழுந்தாச்சுன்னு அர்த்தம். எல்லா இடத்துலயும் அதுதான் வழக்கம்!"

"எந்த எல்லா இடத்திலும்?"

சூரப்பன் தன் கழகத்தாரைப் பார்த்தது. கீரி தரையைப் பார்த்தது.

"எடுத்த பந்துக்கு எங்கள் மேட்டில் தோல்வி என்று எழுதிவிடுவோம்," என்றது செந்நாய். "தாங்கள் பெரிய ஆட்டக்காரர். பரவாயில்லை, திரும்ப வையுங்கள். போடுங்கள்."

சூரப்பன் பந்தை வைத்தது. தட்டியது. பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடியது. திரும்பத் தட்டியது. இந்தப் பக்கம் ஓடியது. மூச்சு வாங்கியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பந்து குழியைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்தது. உள்ளே மட்டும் போகவில்லை.

"யாராவது சொல்லுங்கடா!" என்று சூரப்பன் கதறியது.

"விழுந்தாச்சு!" என்று கழகம் ஒரே குரலில் கத்தியது. காடு முழுவதும் கேட்டது. பந்துக்குக் கேட்கவில்லை.

செந்நாய் சேற்றிலிருந்து வெளியே அடித்தது. மண்திட்டுக்கு ஏற்றியது. குழிக்கு அருகே கொண்டுவந்தது. கடைசியாக ஒரு சின்னத் தட்டு.

டொக்!

"பந்தயத்துக்குக் காடே சாட்சி. மாலைக்குள் காலி செய்துவிடுங்கள்," என்றது செந்நாய், கால் சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டே.

செவ்வந்தி சூரப்பனின் எதிரே வந்து நின்றது.

"விளையாட்டுன்னா வெற்றி தோல்வி இருக்கத்தான் செய்யும்மா!" என்றது சூரப்பன். "மனசுல வச்சுக்காதே!"

"விளையாடினது நீங்க அண்ணே. தோத்தது நாங்க."

அதற்கு மேல் பேச நேரமில்லை. செவ்வந்தி குட்டியைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனது. அக்கரையில் பாறைகள். பாறை இடுக்குகளில் செந்நாய் ஏறாது. ஆனால் ஆற்றில் புதுவெள்ளம். செவ்வந்தி நீரோட்டம் தள்ளும் பக்கமாகத் தன் உடம்பைக் குறுக்கே நிறுத்தி, குட்டியை அணைத்துக்கொண்டு இறங்கியது. நடுவில் குட்டியின் தலை தண்ணீருக்குள் போனது, வெளியே வந்தது, மறுபடி போனது. கரையேறியபோது குட்டி இருமியது. அந்த இருமலைக் கேட்டபிறகுதான் தாய்க்கு மூச்சு வந்தது.

அதே நேரத்தில் கழகம் அவசரக் கூட்டம் போட்டது. 'மயிரிழையில் வெற்றி தவறியது' என்று தீர்மானம் நிறைவேறியது. காற்றைக் குறை சொல்லி ஒரு தீர்மானம், தவளைகளைக் குறை சொல்லி ஒரு தீர்மானம். தலைவருக்குக் கொன்றைப்பூ மாலை போட்டார்கள்.

நாலு நாள் கழித்து மேட்டிலிருந்து அழைப்பு வந்தது. 'வரும் ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் விருந்து. கழகத்தார் அனைவரும் கௌரவ உறுப்பினர்களாக வரவேண்டும்.'

"செந்நாய் நம்மள எதுக்குக் கூப்பிடுது?" என்று ஆமை இழுத்தது.

"திறமையை மதிக்கத் தெரிஞ்சவங்கப்பா!" என்றது சூரப்பன். மாலையை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டது.

குளக்கரையைச் சுற்றி இப்போது முள்வேலி. கழகத்தார் உள்ளே போனதும் பின்னால் படல் சாத்தப்பட்டது. செந்நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றின் கையிலும் கோல் இல்லை.

"விருந்து எங்கே?" என்று மயில் ஆவலோடு கேட்டது.

"இப்போதுதான் நடந்து வந்தது," என்றது செந்நாய்த் தலைவன்.

சூரப்பனுக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. "இது குளக்கரை! இங்க வேட்டை கூடாது! பொது விதி!"

"பொது இடத்துக்குத்தான் பொது விதி, தலைவரே. இது இப்போது எங்கள் இடம். தாங்கள்தானே கொடுத்தீர்கள்?"

பிறகு நடந்ததற்கு நெடுநேரம் ஆகவில்லை. கீரி வேலியின் அடியில் நுழைந்து தப்பியது; தலைவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மயில் பறந்தது, தோகை முள்ளில் நின்றது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கியது. செந்நாய்க் குட்டிகள் அதை வெகுநேரம் உருட்டி விளையாடிவிட்டுக் குளத்தில் தள்ளின. சூரப்பன் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஒரு காதும் வாலும் தொடைத்தோலும் உள்ளேயே தங்கிவிட்டன.

ரத்தம் சொட்டச் சொட்ட ஆற்றில் விழுந்து நீந்தியது. அக்கரையில், பாறை மேல், செவ்வந்தி நின்றிருந்தது.

"செவ்வந்தி! கொஞ்சம் இடம் குடும்மா!" என்றது சூரப்பன்.

செவ்வந்தி குட்டியை ஒரு பக்கமாக நகர்த்தியது.

"ஏறி வாங்க அண்ணே! இந்தப் பாறை யாருக்கும் சொந்தமில்லை. உங்களுக்கும் சொந்தமில்லை. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க!"

தங்களுக்குள் விட்டுக்கொடுத்து வாங்கிய வெற்றியைத் திறமை என்று நம்பி, பொதுச் சொத்தைப் பந்தயம் வைப்பவர்கள், முதலில் எளியவர்களின் இடத்தையும் அடுத்துத் தங்கள் தோலையும் இழப்பார்கள்.