மணியகாரர் போயிட்டு வருவாரு

மழை பிடித்துக்கொண்டதால் டீம் தேர்வு பாதியில் நின்றது. விளாங்குறிச்சிப் பக்கம் எங்கள் நாய்ப் பயிற்சி மைதானத்தில் இருப்பது ஒரே ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஆட்களும் நாய்களும் ஈர வாடையுமாக ஒண்டிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் பெங்களூருவில் அஜிலிட்டி போட்டி. நாய் ஹர்டில் தாண்டி, துணி டனலுக்குள் நுழைந்து வெளியே வந்து, வரிசைக் கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓடி, ஏற்றமும் இறக்கமுமாக ஆடுகிற சீசா பலகையில் ஏறி இறங்கி முடிக்க வேண்டும். நாயை ஓட்டுகிறவர், ஓனரோ வேறு யாரோ, அதைத் தொடக் கூடாது. கூடவே ஓடிக்கொண்டு வாயால் சொல்லலாம், அவ்வளவுதான். எங்கள் கிளப் டீமில் இன்னும் ஒரு நாய்க்கு இடம் இருந்தது. அது ஆறுச்சாமியின் மணிக்குக் கிடைக்குமா என்பதுதான் அன்றைக்குக் கேள்வி.

கிடைக்காவிட்டால் மணி பல்லடத்துக்குப் போக வேண்டும். ஆறுச்சாமியின் மச்சினருக்கு அங்கே கோழிப்பண்ணை. காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தவர், "டீம்ல எடுத்தா நீங்களே வெச்சுக்குங்க மாமா, இல்லாட்டி எனக்குக் குடுத்துருங்க" என்று பேசி முடித்துவிட்டார். கையோடு கோழி ஏற்றுகிற வேனையும் ஓட்டிவந்து கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்.

இதில் சிக்கல் என்னவென்றால், நாயைக் காணோம்.

"மணி எங்கங்க?" என்று கிளப் செயலாளர் பூங்கொடி கேட்டார்.

"மழைக்கு முன்னால ஒண்ணுக்கு இருந்துட்டு வரச் சொன்னேனுங்க அம்மிணி. போயிருக்காரு. வந்துருவாரு."

"மழை விட்டதும் முதல் பேரு உங்களுதுதான். நாய் இல்லைன்னா பேரை அடிச்சுருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

ஆறுச்சாமி அசரவில்லை. பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். எதைச் சொன்னாலும் கரண்ட் பில்லைப் படிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் சொல்லுவார். நாய் வருகிறவரைக்கும் மழையும் நிற்கக் கூடாது, பூங்கொடியின் பேனாவும் எழுதக் கூடாது. மழை அவர் கையில் இல்லை. அதனால் பேச ஆரம்பித்தார்.

"மணின்னுதாங்க முதல்ல பேரு வெச்சோம். கூப்பிட்டா திரும்பியே பாக்கல. காது கேக்கலையோன்னு டாக்டர்கிட்டக் காட்டினேன். காது நல்லாத்தான் இருக்குதுன்னாரு. ஒரு நா ரோசனை பண்ணிட்டு, 'மணியகாரரே, இப்படி வாங்க'ன்னேன் பாருங்க, எந்திரிச்சு வந்துட்டாரு. அன்னைக்கிலிருந்து வாங்க, போங்கதான். மரியாதை குறைஞ்சா சோத்தைத் தொட மாட்டாரு."

"நாய்க்கு என்னவே வாங்க போங்க?" என்றார் தேவசகாயம். பாளையங்கோட்டைக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டோடு கோவைக்கு வந்தவர். அவருடைய லாப்ரடார் குனிந்து தண்ணீர் குடிக்கவே சலித்துக்கொள்ளும். அதனால் அவர் மற்றவர்கள் நாயைக் குறை சொல்வதற்காகவே ஞாயிறு தவறாமல் வருவார். "'தயவுசெஞ்சு தாண்டுங்க'ன்னு நீரு சொல்லி முடிக்கதுக்குள்ள நாய் ஹர்டில்ல போயி முட்டிக்கிடும்."

"முட்ட மாட்டாருங்க. நான் சொல்லி முடிக்கறவரைக்கும் அப்படியே நிப்பாரு. நிக்கறதுன்னா சாதாரண நிக்கறது இல்லீங்க. போன ஐப்பசில நொய்யல்ல தண்ணி வந்துச்சில்லீங்க? பழக்கறதுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அக்கட்டாலப் போயிட்டு வாங்கன்னு சொன்னேன். ஒரே தாண்டு. பாதி ஆத்துல இருக்கறப்போ எனக்கு பட்டறையில இருந்து போனு வந்துருச்சு. சித்த இருங்கன்னேன். நின்னுட்டாரு."

"எங்கன நின்னுச்சு?"

"அங்கயேதாங்க."

"ஆத்துக்கு மேலயா?"

"சொன்னா சொன்ன இடத்துல நிக்கோணும்னுதானுங்களே பழக்கறோம்? நான் பேசி முடிச்சு, ஒரு டீயும் குடிச்சுப்போட்டு வந்து, 'ம், வாங்க'ன்னேன். அப்புறம்தான் வந்தாரு. பாவம், வாலு மட்டும் தொங்கித் தண்ணியில நனைஞ்சுபோச்சு."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பூங்கொடி பேனாவை மூடி வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் ஆறுச்சாமிக்குத் தெம்பு வந்துவிட்டது.

"டனலும் அப்படித்தாங்க. இங்க இருக்கற துணி டனலெல்லாம் அவருக்குக் கொசுவலை மாதிரி. சிங்காநல்லூர்ல பெரிய குழாய் பதிச்சாங்கல்ல, அதுல விட்டேன். போயிட்டு வாங்கன்னேன். போனவரு போனவருதான். அடுத்த வெள்ளிக்கிழமை, அதே ஓட்டை வழியா வராரு, நெத்தியில சந்தனம். குழாய் பாலக்காட்டுல போய் முடியுது போலிருக்குதுங்க. ரெண்டு நாளு மலையாளத்துலதான் குரைச்சாரு."

"குரைக்கதுல மலையாளம்னு உமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கெங்கங்க தெரியும்? பக்கத்து வீட்டுச் சேச்சி பதில் சொன்னாங்க. அதை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

தேவசகாயம் என் பக்கம் திரும்பி, "இதையெல்லாம் கேட்டுட்டு சும்மா இருக்கியளே" என்றார். மழைக்கு வேறு என்ன செய்வது? என்னுடைய பக் நாயே காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கம்பத்துல வளையறதைச் சொல்லலியே நானு. பொள்ளாச்சியில எங்க பெரியப்பா தோப்புல தென்னை வரிசைக்கு நடுவுல விட்டேனுங்க. போன வெசையில அத்தனை மரமும் ஒண்ணு இக்கட்டால, ஒண்ணு அக்கட்டாலன்னு சாஞ்சுபோச்சு. இன்னும் அப்படியேதான் நிக்குது. தேங்கா போடறவரு ஏறத் தேவையில்லீங்க, நடந்தே போறாரு."

"அதெல்லாம் கெடக்கட்டும்" என்று தேவசகாயம் கையைத் தூக்கினார். "போன ஞாயித்துக்கிழமை நான் என் கண்ணால பாத்தேன். உம்ம நாய் ஒவ்வொரு ஹர்டிலையும் தாண்டிட்டு, திரும்பத் தாண்டி உம்மகிட்டயே வந்துது. அடுத்ததுக்குப் போகவே இல்ல. அது எதுக்குவே?"

முதல் முறையாக ஆறுச்சாமி சற்றுத் தயங்கினார்.

"நான் போயிட்டு வாங்கன்னு சொன்னேனுங்க. போனாரு, வந்தாரு."

"'போ'ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஏனுங்க, வீட்டு ஆளைப் பாத்துப் போன்னு எப்படிங்க சொல்றது?" அவருக்கு உண்மையாகவே அதிர்ச்சி. "பால்காரரைக்கூட நாங்க போயிட்டு வாங்கன்னுதான் சொல்லுவோம். கடன் கேட்டு வந்தவனையும் அப்படித்தான் அனுப்புவோம். நாக்குல வராதுங்க."

எங்கள் எல்லார் வீட்டிலும் அதே வழக்கம்தான். அதற்குள் மழையும் விட்டுவிட்டது.

பூங்கொடி பேனாவைத் திறந்தார். ஆறுச்சாமி கேட்டுக்கு ஓடி, "மணியகாரரே" என்று குரல் கொடுத்தார். பாலக்காட்டிலிருந்தெல்லாம் வரவில்லை. மச்சினருடைய வேனுக்கு அடியிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது, ஒரு காது மடிந்த செவலை நாட்டு நாய். மழை பூராவும் அங்கேதான் தூங்கியிருக்கிறது. உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஆறுச்சாமி அதன் கழுத்துப் பட்டையை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டார். "பயமா இருக்குதுங்க" என்றார் என்னிடம் மட்டும். "வீட்டுல நான் பேச ஆரம்பிச்சா ஆளாளுக்கு எந்திரிச்சுப் போயிருவாங்க. கடைசி வரைக்கும் உக்காந்து கேக்கறது இவரு ஒருத்தர்தான். இவரும் பல்லடம் போயிட்டா நான் யாருகிட்டங்க பேசுவேன்?" அதைச் சொல்லும்போதும் முகம் அதே கரண்ட் பில்தான்.

விசில் ஊதினார்கள். "மணியகாரரே, போயிட்டு வாங்க" என்று கூடவே ஓடினார் ஆறுச்சாமி. மணி அழகாகத் தாண்டியது. அழகாகத் திரும்பித் தாண்டி அவர் காலடிக்கு வந்து நின்றது. "இல்லீங்க, அந்தப் பக்கம் போயிட்டு வாங்க." மறுபடியும் போனது, வந்தது. முதல் ஹர்டிலிலேயே அது ஒரு முழு ஓட்டத்துக்கான தாண்டலைத் தாண்டி முடித்துவிட்டது. "போ... போ..." என்று அவரும் முயற்சி பண்ணித்தான் பார்த்தார். வாய் 'போ'வில் நிற்காமல் தானாக 'யிட்டு வாங்க'வுக்குப் போய்விட்டது. மச்சினர் வேனின் பின்கதவைத் திறந்து வைத்தார். பூங்கொடி பேரை அடிக்கப் பேனாவைத் தாளில் வைத்தார்.

தேவசகாயத்துக்குத்தான் பொறுக்கவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, ரயிலை நிறுத்துகிற குரலில் கத்தினார். "ஏலே மணி! என்னலே திரும்புத? முன்னால போலே!"

மணி அவரைப் பார்த்தது. போயிற்று. அடுத்த ஹர்டில், அதற்கடுத்தது, திரும்பியே பார்க்கவில்லை. டனலுக்கு முன்னால் வந்துதான் நின்று, இனி என்ன என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தது.

"சார், நீங்களே ஒரு தடவை முதல்லேர்ந்து ஓட்டுங்களேன்" என்றார் பூங்கொடி. மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் தேவசகாயம் ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "ஏறுலே! நுழைலே! வளைஞ்சு போலே மூதி!" என்று வைதுகொண்டே அவர் ஓட, மணி ஒரு கம்பத்தைக்கூட விடாமல் வளைந்து, சீசாவில் ஏறி இறங்கி, நேரம் மிச்சம் வைத்து முடித்தது. கோட்டைத் தாண்டியதும் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூச்சு வாங்கியது.

"மணி டீம்ல இருக்கான்" என்று சொல்லிக்கொண்டே பூங்கொடி எழுதினார். "பெங்களூருல ஓட்டறது தேவசகாயம் சார்."

மச்சினர் வேன் கதவைச் சாத்திவிட்டு, மாமாவைப் பார்த்து ஒரு தலையசைப்போடு கிளம்பிப் போனார். நாய் மிஞ்சியது. ஆனால் ஆறுச்சாமி பட்டையைக் கையில் பிடித்தபடி பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. நாய் பக்கத்தில் இருந்தும் கைவிட்டுப் போனது போலத்தான் இருந்திருக்கும். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தேவசகாயம் பெஞ்சில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார். "இத்தன நாளா நல்ல நாயைக் கெடுத்து வச்சிருந்தீரு. பாத்தீரா? ரெண்டே நிமிசத்துல நான் பழக்கிட்டேன்."

மணி போய் அவர் எதிரே உட்கார்ந்து ஒரு தடவை குரைத்தது. தேவசகாயம் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். இன்னொரு தடவை குரைத்தது. இன்னொன்று கொடுத்தார். மூன்றாவது தடவை குரைத்துவிட்டு எழுந்து ஹர்டில் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. "இருலே, வாரேன்" என்று தேவசகாயம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அதன் பின்னால் ஓடினார்.

ஆறுச்சாமி அதைப் பார்த்துவிட்டுப் பட்டையைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு முகத்தில் ஒன்றும் காட்டாமல் என்னிடம் சொன்னார்:

"சாரு கெட்டிக்காரருங்க. என்னைய இந்த அளவுக்குப் பழக்க மணியகாரருக்கு ஆறு மாசமாச்சு."