எருமை தூக்கிய கால்

அல்லிக் குளத்தில் தொந்தியப்பன் என்றோர் எருமைக்கடா இருந்தது. அதற்குக் கபடிப் பைத்தியம். ஆடத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். அதிலும் காட்டில் வேறு அணியே இல்லாததுபோல் ஆமை அணியைப் பிடித்துத் தொங்கியது. ஆமைகள் ஒருநாளும் ஜெயித்தது கிடையாது. ஆனாலும் பாருங்கள், மழை ஓய்ந்து மண் காயத் தொடங்கினால் போதும், "இந்த வருஷம் நம்ம வருஷம்!" என்று தொந்தியப்பனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

இந்த முறை நிலைமை மோசம். முதல் ஆட்டமே குரங்குகளோடு. "இதிலும் தோற்றால் ஆமைகளுக்கு இனிமேல் போட்டியில் இடமில்லை. பார்க்க வருகிறவர்கள் தூங்கிவிடுகிறார்கள்!" என்று நடுவர் உடும்பு சொல்லிவிட்டது.

தொந்தியப்பனுக்குப் புல் இறங்கவில்லை. முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கிய கொக்கிடம் புலம்பியது.

"வெள்ளையம்மா, ஜெயிச்சிருவாங்களா?"

"யாரு, ஆமைங்களா? சிரிப்புக் காட்டாதே!"

"இந்த வருஷம் தலைவர் புதுசு. கல்லையன்! மூச்சுப் பிடிச்சா நாள் பூரா விடமாட்டானாம்!"

"ஓடுவானா?"

"அங்கதான் இடிக்குது" என்று எருமை பெருமூச்சு விட்டது. பிறகு குரலைத் தாழ்த்தியது. "ஆனா எங்கிட்ட ஒரு வழி இருக்கு. போன வருஷம் ஒரே ஒரு புள்ளி எடுத்தாங்களே, அப்ப மாட்டு ஈ கடிச்சுதுன்னு நான் பின்னங்காலைத் தூக்கியிருந்தேன். தூக்கினதும் புள்ளி! இறக்கினதும் தோல்வி! இந்த வருஷம் ஆட்டம் முடியற வரைக்கும் இறக்கவே மாட்டேன்!"

"ஒத்தைக்கால்ல நிக்கிறது எங்க குலத்தொழில். உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றது கொக்கு.

கரையேறி வந்த கல்லையன் காதிலும் இது விழுந்தது. "அண்ணே, நாலு காலும் தரையில இருக்கட்டும். ஒரு சத்தம் குடுங்க, அது போதும்" என்றது.

"தம்பி, நீ ஆடு! ஜெயிக்க வைக்கிறது என் பொறுப்பு!"

ஆட்ட நாள் வந்தது. தொந்தியப்பன் நடுக்கோட்டின் ஓரமாக, காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. குரங்குகள் பாடி வந்து தொட்டன. ஆமைகள் ஓட்டுக்குள் போய்விட்டன. "ஓட்டைத் தொட்டால் ஆமையைத் தொட்டதாகாது!" என்றது உடும்பு. யாருக்கும் புள்ளியில்லை.

கடைசியாகக் கல்லையன் பாடிப் போனது. "கபடி... கபடி... கபடி..."

குரங்குகள் முதலில் குதித்தன. பிறகு கொட்டாவி விட்டன. வெயில் உச்சிக்கு வந்தது. கல்லையன் பாட்டை நிறுத்தவேயில்லை! பக்கத்து நாவல் மரத்தில் பழம் பழுத்துக் கிடந்தது. ஒரு குரங்கு நைசாக நழுவியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. குரங்குப் புத்தி எங்கே போகும்? எல்லாம் மரத்தில் ஏறிவிட்டன.

"எல்லைக்கோட்டைத் தாண்டிய குரங்கெல்லாம் அவுட்! கல்லையன் நடுக்கோட்டுக்குத் திரும்பினால் ஆமைகளுக்கு வெற்றி!" என்று உடும்பு கத்தியது.

குளமே எழுந்து நின்று கூச்சல் போட்டது. கல்லையன் திரும்பி ஊர்ந்தது. இன்னும் ஒரு சாண்தான்!

தொந்தியப்பனின் மூன்று கால்களும் வெடவெடவென்று நடுங்கின.

"காலை இறக்கு! விழப்போறே!" என்று கொக்கு அலறியது.

"இறக்கினா தோத்துருவோம்!"

தொபுக்கடீர்! மலைபோல் எருமை சாய்ந்தது. கொக்கு பதறிப் பறந்தது. தரை அதிர்ந்த அதிர்ச்சியில் கல்லையன் எகிறி, மல்லாந்து விழுந்தது.

"கபடி... கபடி..." நாலு காலும் வானத்தைப் பார்த்து நீந்தின.

"தம்பி, நான் புரட்டிவிடறேன்!"

"வெளியாள் தொட்டால் அவுட்!" என்றது உடும்பு.

கல்லையன் மாலைவரை பாடியது. குரல் தேய்ந்து, கடைசியில் பிடித்த மூச்சை விட்டுவிட்டது.

"ஆமை அவுட்! கோட்டுக்குத் திரும்பாததால் குரங்குகளின் அவுட்டும் செல்லாது. குரங்குகளுக்கு வெற்றி!"

மரத்திலிருந்த குரங்குகளுக்குத் தாங்கள் ஜெயித்ததே தெரியவில்லை. ஆமைகள் கல்லையனைப் புரட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கின. கல்லையன் மட்டும் கரையில் நின்று, இனி ஆட முடியாத அந்தக் களத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனது.

தொந்தியப்பன் விம்மி விம்மி அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கொக்கை முறைத்தது.

"எல்லாம் உன்னாலதான்! அந்த நேரம் பாத்து எதுக்குடீ பறந்தே?"

ஆடுகிறவர் வேலையைத் தன் தலையில் இழுத்துப்போட்டுக்கொள்ளும் அன்பு, எதிரியின் பகையைவிடப் பொல்லாதது.