சேற்றில் விழாத சேலை

"இந்தத் துவைக்கிற வேலையை வேற யாருக்காவது குடுத்துருங்கம்மா. எனக்கு வேணாம்."

அடைக்கலம் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். வயது அறுபதைத் தொடப் போகிறது. மடத்தில் சீடராகச் சேர்ந்து இரண்டு வருஷம்தான். குரு மங்கையம்மா அவரைவிட எவ்வளவோ இளையவள். அதனால் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன ஆச்சுண்ணே?"

"ஒரு சேலை பறந்து சேத்துல விழுந்துருச்சு."

"யார் சேலை?"

"நேத்து வந்துச்சே பொன்னுருவி, அது சேலை."

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

கம்பத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து மடம் அது. வந்து தங்குகிறவர்கள் கட்டி வந்ததை வாங்கித் துவைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். பொன்னுருவியின் மகளுக்கு இன்று வளைகாப்பு. போகிற வழியில் அம்மாவைக் கும்பிட்டுப் போகலாமென்று வந்தவள், மாற்றுத்துணிப் பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டாள். இருந்தது கட்டியிருந்த சுங்குடிச் சேலை ஒன்றுதான். இப்போது போர்வையைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள், பாவம். பெற்ற தாய் போகாமல் அங்கே எப்படி வளையல் போடுவார்கள்?

"கிளிப்பு போடலையாண்ணே?"

"போட்டேம்மா. ஆனி மாசக் காத்து, பேயா அடிக்குது. கிளிப்பு என்ன பண்ணும்?"

இவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு! போன வாரம் சந்தையில் மரக் கிளிப்பு வாங்கப் போய்க் கடைக்காரன் உயிரை எடுத்த மனுஷன் இவர். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். வாய் சரியாகக் கூடுகிறதா, கம்பியில் துரு இருக்கிறதா, மரத்தில் சிலாம்பு நிற்கிறதா என்று தடவிப் பார்த்தார். "என்ன ஐயா, பொண்ணு பாக்கவா வந்தீங்க?" என்று அவனே கேட்டுவிட்டான். அப்படிப் பார்த்தும் நல்லதாகத் தேறியது கொஞ்சம்தான். மீதியெல்லாம் லொடலொடத்தது. வேறு வழியில்லாமல் அதையும் வாங்கி வந்தார்.

அம்மா எழுந்து கொடியைப் பார்க்க நடந்தாள். அடைக்கலம் பின்னாலேயே ஓடினார்.

கொடியில் அம்மாவின் காவிச் சேலை படபடத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் வரிசையாக நல்ல கிளிப்புகள். பக்கத்தில் பொன்னுருவி சேலை இருந்த இடத்தில் லொடலொடத்த கிளிப்பு இரண்டு, வாயைப் பிளந்துகொண்டு.

அம்மா தன் சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"இங்கயும் அதே காத்துதானண்ணே அடிக்குது?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

"நல்லதையெல்லாம் உங்க சேலைக்குப் போட்டுட்டேம்மா. காத்து மேல பழியப் போட்டேன்."

அம்மா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"அந்தச் சேலையை அலசிக் கொண்டாங்க."

அலசி, பிழிந்து கொண்டுவந்தார். முந்தானையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கத்தை நீங்க பிடிங்க. பஸ் வர்றதுக்குள்ள காஞ்சிரும்."

இரண்டு பேரும் காற்றுக்கு எதிரே நின்றார்கள். சேலை உப்பிக்கொண்டு இழுத்தது. விரல் வலித்தது. அம்மாவை நிமிர்ந்து பார்க்க முகமில்லாமல் அடைக்கலம் சேலைக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அறை ஜன்னலிலிருந்து பொன்னுருவியின் குரல் வந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. நல்ல கிளிப்பு உங்க சேலைக்குத்தான போடணும்? அதுதான முறை? நாங்க எல்லாம் சேத்துல விழுந்தா எடுத்து அலசிக் கட்டிக்கிடுவோம்."

அப்பாடா, இந்தப் பொம்பளையே சொல்லிவிட்டது என்று ஒரு நிமிஷம் அடைக்கலத்துக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. தைரியம் வந்து அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

அம்மாவின் முகம் கறுத்துப்போயிருந்தது.

"விடுங்கம்மா, நான் எதுலயாவது கட்டிப் பிடிச்சுக்கிறேன்" என்றார்.

அம்மா விடவில்லை. காய்கிற வரைக்கும் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

காய்ந்த சேலையைக் கதவிடுக்கில் கொடுத்தார்கள். பொன்னுருவி கட்டிக்கொண்டு சிரித்த முகமாக வெளியே வந்தாள். அம்மாவின் காலில் விழக் குனிந்தாள்.

அம்மா சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"வேணாந்தாயி. பஸ் வந்துரும், ஓடு."

பொன்னுருவி ஒன்றும் புரியாமல், நின்றபடியே கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

"ஏம்மா, தப்பு பண்ணினது நான்தான?" என்றார் அடைக்கலம்.

"இந்த வாரம் பூரா இதே காத்து. தினம் யார் துணியாவது சேத்துல கிடந்துச்சு. பாத்துக்கிட்டேதான் போனேன். என் சேலை மட்டும் ஏன் விழலைன்னு ஒரு நாளாவது உங்ககிட்ட கேட்டேனாண்ணே?"